பொன்னாடைக்குப் பிறகு?

வேலூரில் நடந்த ஒரு விழாவில் இளம் ஆசிரியர்களைப் பாராட்டி, பள்ளிகளின் எதிர்காலம் பற்றியும் பேசியிருக்கிறார்கள். மகிழ்ச்சி. நம் ஊரில் நல்லாசிரியர் விருது பெரும்பாலும் தலை நரைத்த பிறகுதான் கைக்கு வருகிறது. அந்த மாநில விருதுக்குப் பெயர் தந்த முன்னாள் குடியரசுத் தலைவர் டாக்டர் ச. ராதாகிருஷ்ணனோ வேலூர் ஊரீசு கல்லூரியில் படித்தவர். 1909இல், இருபது வயதை ஒட்டியே சென்னை மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார்!

ஆனால் பேச்சாளர்கள் திறன்பலகையை (ஸ்மார்ட் போர்டு) தாண்டவே இல்லையே? வேலூர் மாவட்டத்து ஒடுகத்தூர் பக்கமிருந்து பீஞ்சமந்தை மலைக்குப் போகும் புதிய ஆசிரியைக்கு முதலில் வேண்டியது தங்க ஓர் அறையும் நேரத்துக்கு ஒரு பஸ்ஸும். ஐந்து வகுப்புக்கு இரண்டே பேர் உள்ள தொடக்கப்பள்ளியில் ஒருவர் கணினிப் பதிவேற்றத்தில் உட்கார்ந்துவிட்டால், மற்றவர் எந்த வகுப்பைப் பார்ப்பார்? (கைபேசியில் சிக்னல் கிடைத்தால்தான் அதுவும்.) அடுத்த விழாவில் மலைப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் ஒலிவாங்கியைக் கொடுங்கள், அதிகாரிகள் கீழே அமர்ந்து கேட்கட்டும்.