ஊசிக்கு முன்பிருந்த வெறுமை

நார்வே இயக்குநர் யோவாகிம் ட்ரியரின் ‘ஆஸ்லோ, ஆகஸ்ட் 31’ (2011) படத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் சிலர் கூடிப் பார்த்தோம். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் ஒருவர் கேட்டார்: “எல்லாம் சரி, இவனுக்கு என்னதான் குறை?” நாயகன் ஆண்டர்ஸுக்கு முப்பத்து நான்கு வயது. படித்தவன், எழுதத் தெரிந்தவன், நல்ல குடும்பத்துப் பிள்ளை. ஹெராயினை விட்டுவிட்டு மறுவாழ்வு மையத்தில் இருப்பவன், வேலைக்கான நேர்காணல் ஒன்றுக்காக ஒரு நாள் அனுமதி பெற்று நகரத்துக்கு வருகிறான். அந்த ஒரு நாள்தான் படம். நண்பரின் கேள்வியில் தவறில்லை. பெரும்பாலான போதைப் படங்கள் விடையை முதல் பத்து நிமிடங்களிலேயே கையில் கொடுத்து நம்மைப் பழக்கிவிட்டன: காதல் தோல்வி, கெட்ட சகவாசம், தகப்பனின் அடி. காரணத்தைச் சொல்லி முடித்த நிம்மதியோடு படம் ஊசிக்கும் புகைக்கும் போய்விடும்.

போதையைப் படமாக்குவது எளிது என்பதும் இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கரண்டியில் கொதிக்கும் திரவமும் விரியும் கண்மணியும் திரைக்காகவே அளந்து செய்தவை போல இருக்கின்றன. காலையில் கண் விழித்ததும் எழுந்திருக்க ஒரு காரணமும் தோன்றாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவனை எந்தக் கோணத்தில் காட்டுவது? தமிழில் நாம் இந்தச் சிக்கலைத் தாடியால் தீர்த்துக்கொண்டோம். 1953இல் வந்த ‘தேவதாஸ்’ படத்தில் நாகேஸ்வரராவின் செருகிய கண்களும் கண்டசாலாவின் குரலும் அழ வைத்தது உண்மைதான். ஆனால் பார்வதி கிடைத்திருந்தால் தேவதாஸ் குடித்திருக்க மாட்டான் என்ற நம்பிக்கையையும் அந்தப் படம் நமக்குள் விட்டுச் சென்றது. அண்மைக் காலத் தமிழ்ப் படங்களிலோ போதைப்பொருள் என்பது கண்டெய்னரில் வரும் சரக்கு. அதைப் பிடிப்பதற்கு ஒரு நாயகன், கடத்துவதற்கு ஒரு வில்லன், அவ்வளவுதான். அதை வாங்கி உட்கொள்பவனுக்கு முகமே இருப்பதில்லை.

டேரன் அரனோஃப்ஸ்கியின் ‘ரெக்வியம் ஃபார் எ ட்ரீம்’ (2000) வேகமான படத்தொகுப்புக்காகவே பேசப்படும் படம். எனக்கோ அதில் நிலைத்து நிற்பது, இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் ஒரு காட்சிதான். சாரா கோல்டுஃபார்ப் புருக்ளினில் தனியாக வாழும் விதவை. தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் தோன்றப்போகிறோம் என்று நம்பி, பழைய சிவப்பு உடைக்குள் நுழைவதற்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த எடை குறைக்கும் மாத்திரைகளை விழுங்குகிறாள். ஹெராயின் பழக்கமுள்ள மகனுக்கு, அம்மா பல்லை நறநறவென்று கடிக்கும் ஓசையிலேயே அது என்ன மாத்திரை என்று தெரிந்துவிடுகிறது. விட்டுவிடச் சொல்கிறான். அதற்கு அவள் சொல்லும் பதிலில் போதையைப் பற்றி எதுவுமே இல்லை: கணவர் போய்விட்டார், நீயும் இங்கே இல்லை, படுக்கையை மடிப்பதும் பாத்திரம் துலக்குவதும் யாருக்காக, இப்போதுதான் காலையில் எழுந்திருக்க எனக்கொரு காரணம் கிடைத்திருக்கிறது. இதை எல்லன் பர்ஸ்டின் பேசி நடித்தபோது கேமரா சற்று விலகிப் போனதாம். இயக்குநர் கோபத்தோடு திரும்பிப் பார்த்தால், ஒளிப்பதிவாளர் மாத்யூ லிபாடிக் அழுதுகொண்டிருந்திருக்கிறார். அந்த ஷாட்டையே படத்தில் வைத்துவிட்டார்கள்.

ஆனால் அதே படத்தின் கடைசிப் பகுதியில் எனக்குத் தீராத கோபம் உண்டு. மனநிலை குலைந்த சாராவுக்கு மருத்துவமனையில் மின்னதிர்ச்சி கொடுக்கும் காட்சி சித்திரவதை போலவே படமாக்கப்பட்டிருக்கிறது. நம் ஊர்ப் படங்களிலும் ‘ஷாக் ட்ரீட்மென்ட்’ என்றால் தண்டனை, இல்லையேல் நகைச்சுவை. இன்று அந்தச் சிகிச்சை மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுத்த பிறகே செய்யப்படுகிறது. அவை இல்லாமல் செய்வதை இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. கடுமையான மனச்சோர்வில் எத்தனையோ பேரை அது மீட்டிருக்கிறது. நம்பிக்கையிழப்பைப் புரியவைத்த படமே, அதிலிருந்து வெளியேறும் கதவுகளில் ஒன்றைப் பூட்டிவிட்டுப் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சொல்லிலும் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அலுவலக நெருக்கடியையும் மாதக்கணக்கில் ஆளை முடக்கிப் போடும் நோயையும் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே மூட்டையில் கட்டி வைத்திருப்பதால், இரண்டாவதற்கும் முதலாவதற்கான வைத்தியத்தையே சொல்கிறோம்: நாலு இடம் போய் வா, சரியாகிவிடும். போதைக்கு ஆளாகிறவர்கள் பலர் ஒருவகையில் தங்களுக்குத் தாங்களே மருந்து கொடுத்துக்கொள்கிறார்கள் என்று அமெரிக்க மனநல மருத்துவர் எட்வர்ட் கான்ட்சியன் 1985இல் எழுதினார். அந்தக் கருத்தை எல்லோரும் ஏற்கவில்லை. போதையே மனச்சோர்வை உண்டாக்குவதும் உண்டு. இருந்தாலும் டானி பாயிலின் ‘ட்ரெயின்ஸ்பாட்டிங்’ (1996) படத்தில், தொட்டிலில் குழந்தை இறந்து கிடக்கும்போது ஹெராயினுக்கு அடிமையான நாயகன் ரென்டன் ஆறுதலாக ஒரு சொல்லைத் தேடித் தோற்று, ஹெராயினைக் காய்ச்ச உட்காருவதையும், பெற்றவளே தனக்கும் ஒரு ஊசி கேட்பதையும் பார்த்த பிறகு, அவரது கருத்தை என்னால் தள்ளிவிட முடிவதில்லை. அந்த அறையில் இருந்தவர்களுக்குத் துக்கத்தை ஆற்ற வேறு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

ட்ரியரின் படம் இதற்கு மறுமுனையில் தொடங்குகிறது. ஆண்டர்ஸின் உடலில் இப்போது ஹெராயின் இல்லை. அது அடைத்துக்கொண்டிருந்த பள்ளம் அப்படியே திறந்து கிடக்கிறது. நேர்காணலில், இடையில் சில ஆண்டுகள் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். அவன் உண்மையைச் சொல்கிறான். எதிரே இருப்பவர் முகத்தைச் சுளிக்கவும் இல்லை. ஆனாலும் எழுந்து வெளியேறிவிடுகிறான். பிறகு உணவகம் ஒன்றில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்து மேசைப் பெண் தன் வாழ்நாளில் செய்ய விரும்புகிறவற்றைப் பட்டியலிட்டுத் தோழிக்குப் படித்துக் காட்டுகிறாள். அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான், வேறொன்றும் நடப்பதில்லை. ஆசைப்படும் திறனே ஒருவனுக்குள் அற்றுப்போயிருப்பதைத் திரையில் இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஆண்டர்ஸாக நடித்த ஆண்டர்ஸ் டேனியல்சன் லீ நிஜ வாழ்க்கையில் மருத்துவர் என்பதைப் பின்னர் அறிந்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை.

விடியற்காலையில் அவன் விற்பனைக்கு வந்துவிட்ட பெற்றோர் வீட்டுக்குப் போய்ப் பியானோ வாசிக்கிறான், பாதியில் நிறுத்துகிறான், அறைக்குள் போய் ஹெராயின் ஊசியைப் போட்டுக்கொள்கிறான். சில காலம் விட்டிருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்காது என்பதால், சிகிச்சை முடிந்தும் சிறையிலிருந்தும் வெளியே வரும் வாரங்கள்தான் இவர்களுக்கு மிக ஆபத்தானவை. படம் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

அன்று பகலில் அவனைச் சந்திப்பதாக இருந்த சகோதரி வரவில்லை. தனக்குப் பதிலாகத் தன் துணைவியை அனுப்பியிருந்தாள். எங்கள் கூட்டத்தில் பலருக்கு அவள்மீது கோபம். எனக்கு வரவில்லை. அந்த வீட்டை விற்கும் நிலைமைக்குப் பெற்றோர் வந்ததே அவனுக்காகச் செலவழித்துத்தான். எத்தனையாவது முறையாக அவள் நம்பிக்கையோடு கிளம்ப வேண்டும் என்று படம் கணக்குச் சொல்லவில்லை. அவள் முகத்தைக்கூட நமக்குக் காட்டுவதில்லை.