மாத்திரைக்கு அப்புறம் பகல் முழுக்க என்ன செய்வது?

"மாத்திரைதான் ஒழுங்கா சாப்பிடுறானே, அப்புறம் ஏன் படுத்தே கிடக்கிறான்?" அண்ணனைப் பற்றி வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி. அவனுக்கு மனச்சிதைவு நோய். காதில் கேட்கும் குரல்களையும் சந்தேகத்தையும் மாத்திரை ஓரளவு அடக்கிவிடுகிறது. ஆனால் எதிலும் பிடிப்பில்லாமல் போவது, குளிக்கத் தோன்றாதது, யாரோடும் பேசாதது இதெல்லாம் மாத்திரைக்கு லேசில் மசியாது. இதுவும் நோய்தான். ஊர் இதைச் சோம்பேறித்தனம் என்கிறது.

பகல்நேர மறுவாழ்வு மையம் கை கொடுப்பது இங்கேதான். காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம். தையல், கவர் ஒட்டுவது, மெழுகுவர்த்தி செய்வது என்று ஏதோ ஒரு வேலை. பார்க்கிறவர்களுக்குச் சப்பென்றுதான் இருக்கும். அண்ணன் போகிற இடத்தில் மதியச் சமையலுக்குக் காய் நறுக்குவார்கள். மருந்தால் கை நடுங்குகிறவரிடம் கத்தியைக் கொடுக்காமல் கீரை ஆயச் சொல்வார்கள். கடைக்குப் போய்ப் பொருள் வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுப்பதும் பயிற்சிதான். ஒருவர் வரவில்லையென்றால் வீட்டுக்குப் போன் போகும். தூக்கம் கெட்டிருக்கிறது, மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பதெல்லாம் பல நேரம் அந்தப் போனில்தான் வெளியே வரும். மறுபடி அட்மிஷன் வரை போகாமல் அங்கேயே பிடித்துவிடலாம்.

டிவியைப் போட்டுவிட்டு எல்லாரையும் சுவரோரம் உட்கார வைக்கிற இடங்களும் உண்டு. அதை நான் சிகிச்சைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

இன்னொன்று, அம்மா. அண்ணன் அங்கே இருக்கிற நேரத்தில்தான் அவர் பேங்குக்குப் போகிறார், தன் சுகருக்கு டாக்டரைப் பார்க்கிறார், சும்மா படுக்கிறார்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குத் தலைமை வகித்த டாக்டர் சாரதா மேனன், 1984-ல் சென்னையில் மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் (SCARF) அமைப்பைத் தொடங்கியபோதே மறுவாழ்வையும் சிகிச்சையோடு சேர்த்துத்தான் பார்த்தார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும், வெளியே வசதி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது. சரி, அந்த வசதியை யார் கட்டுவது? காப்பீடும் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தால்தான் பணம் தருகிறது.

தூரம்தான் எனக்குப் பெரிய கோபம். காலையில் மருந்து மயக்கம் தெளியாத ஆளை ரெண்டு பஸ் மாற வைத்தால் எத்தனை நாள் வருவார்? தாலுகா அரசு மருத்துவமனைகளில் ஒரு அறை, தொழில்வழிச் சிகிச்சை (அன்றாட வேலைகளைச் செய்யவைத்தே தரும் சிகிச்சை) தெரிந்த ஒருவர், ஒரு சமூகப் பணியாளர், மதியச் சாப்பாடு. முதலில் இவ்வளவு இருந்தால் போதும். "வேலைக்குப் போனாரா?" என்று மட்டும் கேட்டு மையத்தை எடைபோடவும் கூடாது. சிலர் வேலைக்குப் போவார்கள். சிலர் வருஷக்கணக்கில் இங்கேயே வருவார்கள். வரட்டுமே.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது பகல்நேர மையம் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள். அரசின் 14416 இலவச மனநல உதவி எண்ணிலும் விசாரிக்கலாம், தமிழிலேயே பேசலாம்.