பாண்டாவைச் சொன்னவர் நீர்நாயை ஏன் விட்டார்?

அந்த மேடைப் பேச்சுக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். போதும். "வழி ஞாபகம் ஆணுக்குப் பிறவியிலேயே உண்டு, பெண்ணுக்குக் கிடையாது, பாண்டாவை வைத்தே நிரூபித்துவிட்டார்கள்" என்று ஐயா முழங்குகிறார், அரங்கமே கை தட்டுகிறது. தட்டியவர்களில் பாதிப் பேர் பெண்கள். எனக்கு எரிச்சல் ஏறியதே அங்கேதான்.

ஐயா சொன்ன ஆய்வு நிஜமாகவே இருக்கிறது. 2011-இல் வந்தது. தீனி இருக்கும் இடங்களை நினைவில் வைத்துத் தேடுவதில் ஆண் பாண்டாக்கள் பெண் பாண்டாக்களை முந்தின. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு விலங்கும் இருக்கிறதே ஐயா! ஆசியச் சிறுநக நீர்நாய். அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்காகவே செய்த ஆய்வு அது. பாதியை மட்டும் மேடைக்குக் கொண்டுவந்தால் அதற்குப் பெயர் அறிவியலா?

காரணத்தையும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆண் பாண்டா பல துணைகளைத் தேடிப் பெரிய பரப்பில் அலைகிறது, பெண்ணின் எல்லை சின்னது. நீர்நாய் அப்படி இல்லை. ஒரே ஜோடி, ஒரே எல்லை. நம் நீலகிரி ஓடைகளில் இருக்கும் அதே இனம்தான். கல்லுக்கடியில் விரலை விட்டுத் துழாவி நண்டு பிடிக்கும். குட்டிகளை அப்பனும் ஆத்தாளும் சேர்ந்தே வளர்க்கும். ஆண் போகிற இடமெல்லாம் பெண்ணும் போகிறது, அதனால் ஞாபகத்திலும் சமம். 1986-லேயே வோல் என்கிற எலி வகையில் இதைப் பார்த்துவிட்டார்கள். ஆண் மட்டும் தூரம் திரியும் இனத்தில் ஆண் முந்தியது, இரண்டும் ஒரே அளவு திரியும் இனத்தில் வித்தியாசம் இல்லை. திரும்பவும் சொல்கிறேன், பிரச்சினை ஆணா பெண்ணா என்பதில் இல்லை, நடமாட்டத்தில் இருக்கிறது.

நீர்நாய்க்கு ஞாபகம் கொஞ்ச நஞ்சம் இல்லை. இங்கிலாந்தில் இதே இனத்திடம் தீனி வைத்து மூடிய பெட்டிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். மாதங்கள் கழித்து அதே பெட்டிகளைக் கொடுத்தபோது முன்னைவிட வேகமாகத் திறந்தன.

"மனுஷியும் நீர்நாயும் ஒன்றா?" என்று ஒருவர் வருவார். மிருகத்தை முதலில் மேடையில் ஏற்றியது நானா? பாண்டா வந்தபோது கை தட்டியவர்களுக்கு நீர்நாய் வந்ததும் திடீரென்று மனித மாண்பு ஞாபகம் வருகிறது. "அது பல தலைமுறைப் பரிணாமக் கணக்கம்மா, உன் வீட்டுக் கணக்கு இல்லை" என்பார் இன்னொருவர், கொஞ்சம் படித்தவர். நியாயமான பேச்சுதான். அதை அந்த ஐயாவிடமும் போய்ச் சொல்லுங்களேன்.

வீட்டுக் கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் அத்தை பாளையங்கோட்டையில் வீடு வீடாகப் பூ கொடுத்தவர். எந்தச் சந்து எந்தத் தெருவில் போய் முட்டும், எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்தக் கொல்லைப்புற வழியாகப் போனால் சீக்கிரம் கோயிலுக்குப் போகலாம், எல்லாம் அத்துபடி. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு இருட்டிலும் நடப்பார். அவரிடம் யாரும் பாண்டா கதை சொன்னதில்லை. நான் அவர் அண்ணன் மகள். எனக்குப் பள்ளிக்கூடம் போகும் தெரு ஒன்று, திரும்பும் தெருவும் அதே ஒன்று. தம்பிக்குச் சைக்கிள் வந்தது, எனக்கு "வயசுப்பொண்ணு" என்ற பட்டம் வந்தது. அவன் ஆற்றங்கரை வரை சுற்றிவிட்டு வந்து கதை கதையாகச் சொல்வான், நான் வாசல்படியில் உட்கார்ந்து கேட்பேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு ஸ்கூட்டரில் போனேன். "தனியாவா வந்தே? வழி தெரிஞ்சுதா?" என்று சித்தப்பா கேட்டார். எனக்குப் பின்னால் காரில் வந்து இறங்கிய தம்பியின் கையிலிருந்த போன் இன்னமும் "இடதுபுறம் திரும்பவும்" என்று கத்திக்கொண்டிருந்தது. அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"நகைச்சுவைக்குச் சொன்னதை ஏன் இவ்வளவு பெரிசாக்குகிறாய்?" என்று இதற்குக் கீழே எழுதப்போகும் அண்ணன்மார்களே, தாராளமாக எழுதுங்கள். முதலில் உங்கள் வீட்டுப் பெண்ணிடம் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து எழுதுங்கள்.