சோபாவைக் கடிக்கிற நாய்க்கு ஒரு வேலை கொடுங்கள்

"லேப்ரடார் நாய் வாங்கினோம், வீட்டையே நாசம் பண்ணுது, யாருக்காவது கொடுத்துடலாம்னு பார்க்கிறோம்." இந்தப் பேச்சை இப்போதெல்லாம் அடிக்கடி கேட்கிறேன். பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டிய நாயாக இருக்கும். கேட்கும்போதெல்லாம் மனசு பொறுக்க மாட்டேன் என்கிறது. அந்த நாய்க்கு நாள் முழுக்கச் செய்ய ஒரு வேலையும் இல்லை என்பதுதான் பிரச்சினை.

லேப்ரடாரின் பூர்வீகம் கனடாவின் நியூபவுண்ட்லாந்து. குளிர்ந்த கடலில் மீனவர்களோடு வலை இழுத்த, நழுவிய மீனைக் கவ்விக்கொண்டு வந்த நாய்களின் வம்சம். பிரிட்டனுக்குப் போனபின், சுட்டு விழுந்த பறவையைத் தேடிக் கொண்டுவரப் பழக்கினார்கள். வாயால் கவ்வுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த நாய், செருப்பைக் கவ்வாமல் என்ன செய்யும்? பீகிள் இன நாய் முயலின் வாடை பிடித்து ஓடியது. நம் ஊர் நாய் இனங்களான சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயல் விரட்டியவை. இவற்றைக் காலையில் பத்து நிமிஷம் தெருமுனை வரை கூட்டிப்போய்விட்டு, மீதி நேரமெல்லாம் பிளாட்டுக்குள் சும்மா கிட என்றால் கிடக்காது.

குட்டியாக இருந்தால் பல் முளைக்கிற தொல்லையும் சேர்ந்துகொள்ளும். மூன்று, நான்கு மாதத்தில் பால்பல் விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் 42 பல்லும் வந்துவிடும். அதுவரை ஈறு நமநமவென்று இருக்கும். ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள், பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

"நல்லா ஓடவிட்டால் அடங்கிவிடும்" என்பார்கள். ஓட்டம் வேண்டும்தான். ஆனால் நாயை உண்மையில் களைப்பாக்குவது மூக்கு. எங்கள் கருப்பிக்கு இரவுச் சாப்பாட்டைத் தட்டில் வைப்பதே இல்லை. மொட்டை மாடியில் தொட்டிச் செடிகளுக்கு நடுவே உலர் தீவனத்தைக் கைப்பிடி கைப்பிடியாக இறைத்துவிடுவோம். மூக்கைத் தரையோடு ஒட்டி, புஸ் புஸ்ஸென்று மோந்துகொண்டே போகும். தாண்டிப் போன தொட்டிக்குத் திரும்பி வந்து, இடுக்கில் மாட்டிய ஒற்றை உருண்டையை நாக்கால் துழாவி எடுக்கும். முடிந்ததும் கீழே வந்து ஃபேனுக்கு அடியில் படுத்தால் அசையாது. பந்து எறிந்து விளையாடிய நாளில்கூட அப்படித் தூங்கியதில்லை.

பகலுக்கு, நடுவில் குழி உள்ள ரப்பர் பொம்மையில் உப்பும் தாளிப்பும் இல்லாத தயிர்சாதத்தை அடைத்து உறையவைத்துக் கொடுக்கிறோம். நக்கி நக்கித் தீர்க்க வெகுநேரம் பிடிக்கும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் பக்கமே போகாதீர்கள். வேகவைத்த எலும்பும் வேண்டாம், சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழித்துவிடும். அப்புறம், வெயில் காலத்தில் நடையைச் சூரியன் ஏறும் முன்பே முடித்துவிடுங்கள். தார் ரோட்டில் நம் புறங்கையை வைத்துத் தாங்க முடியவில்லை என்றால், அதன் பாதமும் தாங்காது.

வீட்டுக்கு வந்ததும் கிழிந்த தலையணையைக் காட்டி அடிப்பதில் பயனே இல்லை. எப்போதோ கிழித்ததையும் இப்போது விழும் அடியையும் அது முடிச்சுப் போடாது. "தப்பு பண்ணினது அதுக்கே தெரியும், முகத்தைப் பாருங்க" என்பவர்களுக்கு: அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் இதைச் சோதித்துப் பார்த்தார். தப்பே செய்யாத நாயும், எஜமான் திட்டினால் அதே முகத்தைக் காட்டியது.

அடுத்து சங்கிலி. பலர் கடைசியில் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். 1960-இன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11-ஐ ஒருமுறை படியுங்கள். வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கும் நாய்க்குப் போதுமான உடற்பயிற்சி தராமல் விடுவது உரிமையாளரின் குற்றம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. கட்டிப்போட்ட நாய் இன்னும் குரைக்கும், இன்னும் மிரளும். சோபா தப்பலாம், நாய் கெட்டுப்போகும்.

ஒன்றை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். நீங்கள் வீட்டில் இருக்கும்போது சாதுவாக இருந்து, கதவைப் பூட்டிப் போனதும் வாசல் நிலையையும் ஜன்னலையும் பிறாண்டி, எச்சில் வடித்து, ஊளையிடுகிறது என்றால் அது தனிமை பயமாக இருக்கலாம். விளையாட்டு மட்டும் போதாது. வெளியே போகும்போது போனில் வீடியோ ஓடவிட்டுப் போங்கள், அந்தப் பதிவோடு கால்நடை மருத்துவரைப் பாருங்கள். தேவைப்பட்டால் மருந்தும் தருவார், பழக்கும் முறையும் சொல்வார்.