மூக்கைத் தூக்கச் சொன்னால் இறக்கையைச் சாய்க்கிறது

நாற்பது நிமிடம். ஓடுபாதையில் கிளம்பி, முன்னால் போனவனின் வாலைத் தொட்டுக்கொண்டே ஆறாயிரம் மீட்டர் ஏறி, சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வட்டமடித்து, கடைசியில் கீழே மேகத்தின் ஓரமாக ஊர்ந்த இரண்டு கறுப்புப் புள்ளிகளைக் கண்டுபிடித்துவிட்டேன். இதற்காகத்தானே உட்கார்ந்தேன்! விமானத்தைக் கவிழ்த்து மூக்கை இறக்கினேன். வேகம் ஏற ஏற ஜாய்ஸ்டிக் கையில் இறுகியது, பிடி லேசாக அதிர ஆரம்பித்தது. அந்த எதிரிகளில் ஒருவன் குறிக்கண்ணாடியை நிறைக்கப் போகிற நேரம் பார்த்துத் திரையின் மூலையில் எதற்கோ புதிய பதிப்பு வந்திருக்கிறதாம், ஒரு பெட்டி திறந்துகொண்டது.

ஒரே ஒரு சொடுக்கு. பெட்டியை மூடிவிட்டு விளையாட்டுக்குள் திரும்பிவிட்டேன். இரண்டு விநாடிகூட இருக்காது. ஆனால் ஜாய்ஸ்டிக் செத்துவிட்டது.

செத்துவிட்டது என்றால் விமானம் கேட்கவில்லை என்று அர்த்தமில்லை. அது நன்றாகவே கேட்டது, அதுதான் கொடுமை. விசை மட்டும் போய்விட்டது. என்னுடையது ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஜாய்ஸ்டிக், விளையாட்டு சொல்கிற விசையை உள்ளே இருக்கிற மோட்டார்கள் கைக்குத் தரும். இறுகிக் கிடந்த பிடி ஈரத்துணி மாதிரி தொங்கியது. பாய்ச்சலிலிருந்து மீள வழக்கமான பலத்தோடு இழுத்தேன். எதிர்ப்பு இல்லாததால் கை வயிற்றில் வந்து இடித்தது, இடது இறக்கை தனியாகப் பறந்து போனது. எதிரி என்னைப் பார்க்கவே இல்லை. நானே என்னைச் சுட்டு வீழ்த்திக்கொண்டேன்.

இது ஏன் நடக்கிறது என்பது எனக்கு இப்போது மனப்பாடம். விண்டோஸில் விளையாட்டும் ஜாய்ஸ்டிக்கும் பேசிக்கொள்கிற டைரக்ட்இன்புட் வழியாக ஜாய்ஸ்டிக்குக்கு விசை அனுப்ப வேண்டுமானால், விளையாட்டு அந்தச் சாதனத்தைத் தனக்கே தனக்கென்று பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும். வேறு ஒரு சாளரம் முன்னால் வந்தால் பிடி நழுவிவிடும். திரும்பி வந்ததும் விளையாட்டு மறுபடி பிடித்துக்கொண்டு, ஸ்பிரிங், தடை, அதிர்வு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மீண்டும் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற விளையாட்டுகளும் இருக்கின்றன. மறந்துவிடுகிறவைதான் அதிகம் என்பது என் அனுபவம். கை அசைவைப் படிப்பதற்கு இந்தத் தனியுரிமை தேவையில்லை, அதனால்தான் முன்பின், பக்கவாட்டு என்று அசைவைப் படிக்கிற அச்சுகள் உயிரோடு இருக்க, விசை மட்டும் பிணமாகிறது.

"இதற்குப் போய் இவ்வளவு ஆத்திரமா, ஸ்பிரிங் வைத்த சாதாரண ஸ்டிக் வாங்கிக்கொள்ளேன்" என்று ஒருவர் கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டேன். அவருக்கு அப்போது சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

ஸ்பிரிங் ஸ்டிக்குக்கு ஒரே ஒரு முகம்தான். விமானம் தரையில் நின்றாலும் அதே இறுக்கம், 600 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தாலும் அதே இறுக்கம், ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கும் பலத்தை இழந்து, இலை மாதிரி விழுந்தாலும் அதே இறுக்கம். இரண்டாம் உலகப்போர்க் கால விமானம் அப்படியா இருந்தது? கம்பியும் தண்டும் வழியாகக் காற்று நேராக விமானியின் கையில் வந்து அறைந்தது. 1942 ஜூனில் அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுக்கூட்டத்தில் அகுட்டான் என்ற தீவின் சதுப்பில் ஸீரோ என்ற ஜப்பானியப் போர் விமானம் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதிகம் சேதமில்லாமல் கிடைத்த அதை அமெரிக்கர்கள் சரிசெய்து பறக்கவிட்டுப் பார்த்தார்கள். மெதுவாகப் பறக்கும்போது மீன் மாதிரி திரும்புகிற ஸீரோ, 200 நாட் (மணிக்குச் சுமார் 370 கிலோமீட்டர்) வேகத்தைத் தாண்டினால், விமானத்தை உருட்டுகிற இறக்கை மடிப்பான ஐலரான் இறுகிப்போய் உருளவே யோசிக்கிறது என்று அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. ஸீரோவிடமிருந்து தப்ப வேண்டுமா, வேகமாகப் பாய்ந்து உருண்டு விலகு என்பதற்கு இதுதான் அடிப்படை.

இந்த இறுக்கத்தை நான் கட்டுரையில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் முதல்முறை ஃபோர்ஸ் ஃபீட்பேக்கில் ஸீரோவை ஓட்டி, பாய்ச்சலில் ஸ்டிக்கை இடது பக்கம் தள்ளப் பார்த்து அது நகராமல் முரண்டு பிடித்தபோதுதான் புரிந்துகொண்டேன். இரண்டு கையாலும் தள்ளினேன். எனக்கு அப்போது வந்த பயம் நிஜம். ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109இல் வேகம் கூடினால் மூக்கை ஏற்றி இறக்குகிற எலிவேட்டர் கல்லாகிறது, பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயரில் இரண்டு விரலே போதும். இந்த வித்தியாசத்தைத் திரையில் எண்ணாகப் போட்டுக் காட்டலாம், காதில் இரைச்சலாகக் கேட்கச் செய்யலாம். கை சொல்வதுபோல வேறெதுவும் சொல்லாது. ஸ்டாலுக்குக் கொஞ்சம் முன்னால் பிடியில் ஒரு நடுக்கம் வரும் பாருங்கள், வேகமானியைப் பார்க்காமலே திருப்பத்தின் விளிம்பில் உட்கார்ந்திருக்கலாம். கண் முழுக்க எதிரி மேல் இருக்கும், கை தன்பாட்டுக்கு வேலை பார்க்கும்.

உடனே ஒருவர் வருவார், "எஃப்-16 போர் விமானத்தின் ஸ்டிக் அசையவே அசையாது, தெரியுமா?" என்று. தெரியும் ஐயா. 1974இல் அது முதலில் பறந்தபோது ஸ்டிக் கையின் அழுத்தத்தை மட்டும்தான் அளந்தது. பிறகு விமானிகளுக்காக மிகச் சிறிதளவு அசையும்படி மாற்றினார்கள். நான் ஓட்டுவது 1943 விமானம். உங்கள் எஃப்-16 நன்றாக இருக்கட்டும்.

சரி, விசை செத்துப்போவதாவது பரவாயில்லை. செத்தது செத்தது என்று தெரிந்துவிடும். பொய் சொல்கிற விசை இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

போன மாதம் ஒரு சிமுலேட்டருக்கு, அதாவது நிஜ விமானம் போலவே ஓட்டுகிற விளையாட்டுக்கு, அப்டேட் வந்தது. அதன் பிறகு மூக்கைத் தூக்க இழுத்தால் ஸ்டிக் என் இழுப்பைத் தடுக்காமல் பக்கவாட்டில் சரிந்தது. வலது பக்கம் தள்ளினால் முன்னால் பாய்ந்தது. விளையாட்டு அனுப்பிய இரண்டு அச்சுகளின் விசை இடம் மாறிவிட்டது. இது புதிய நோய் இல்லை. பல வருடங்களாக இருப்பதால்தான் சில சிமுலேட்டர்களின் விசை அமைப்புப் பக்கத்தில் 'அச்சுகளை மாற்று' என்று ஒரு கட்டமே வைத்திருக்கிறார்கள். அதை ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாக டிக் செய்ய வேண்டும். என்னிடம் இருபத்துமூன்று விமானங்கள். இருபத்துமூன்று முறை டிக் செய்தேன். பதினான்காவது விமானத்தில் இருக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, வாழ்க்கையில் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று.

அப்புறம் அந்த ஆட்டம். ஸ்பிரிங் விசையைக் கூட்டி வைத்துவிட்டுப் பிடியை விட்டால் ஸ்டிக் சாமியாடும். நடுவுக்கு வர வேண்டியது நடுவைத் தாண்டி அந்தப் பக்கம் போகும், மோட்டார் இந்தப் பக்கம் இழுக்கும், மறுபடி தாண்டும். நிலையைப் படித்து விசையைக் கணக்குப் போட்டு அனுப்புவதற்குள் ஸ்டிக் வேறு இடத்தில் இருக்கிறது, அந்த இடைவெளிதான் காரணம். தடையைக் கொஞ்சம் சேர்த்தால் அடங்கும். ஆனால் தடையைச் சேர்த்தால் தேனுக்குள் கரண்டி விட்டுக் கிண்டுவது போல எல்லாமே மந்தமாகிவிடும், எதற்காக வாங்கினேனோ அந்த நடுக்கமே மறைந்துபோகும். மேஜை அதிரும்போது தண்ணீர்க் குவளை நகர்ந்து நகர்ந்து கீபோர்டை நோக்கி வருவதை ஒரு தடவை கண்ணால் பார்த்தேன். பறந்துகொண்டிருந்தேன், கையை எடுக்க முடியவில்லை.

கையை எடுப்பது என்றதும் நினைவுக்கு வருகிறது. என் ஸ்டிக்கின் பிடியில் ஒரு சின்னக் கண் இருக்கிறது. கை பிடித்திருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் மோட்டாரை நிறுத்திவிடும். நல்ல யோசனைதான், சாமியாட்டத்துக்கும் மருந்து. ஆனால் இருபது வருடத்துக்கு மேல் பழைய சாதனம், அந்தக் கண்ணுக்குப் புரை விழுந்துவிட்டது. என் கை கொஞ்சம் நகர்ந்தால், கட்டைவிரல் குண்டு போடும் பொத்தானுக்கு எட்டுவதற்காக உள்ளங்கை அரை அங்குலம் உயர்ந்தால், "ஆள் போய்விட்டான்" என்று முடிவு கட்டி விசையை வெட்டிவிடும். குண்டு போடுகிற அந்த ஒரு கணத்தில்! மற்ற எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், கண்ணின் மேல் டேப் ஒட்டினேன். முதலில் கண்ணாடி டேப், அதன் வழியாக வெளிச்சம் போகிறது. பிறகு கறுப்பு இன்சுலேஷன் டேப். வியர்வையில் அதன் பசை இளகி, ஒரு மணி நேரத்தில் ஓரம் சுருண்டு உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வருகிறது. இப்போது டேப்புக்கு மேல் ஒரு ரப்பர் வளையம். வானத்தின் ராஜாவாகப் பறப்பதற்கு இவ்வளவு பந்தோபஸ்து.

இன்னொன்று. யூஎஸ்பி துளையை மாற்றிச் செருகினால் என் ஸ்டிக் எனக்கு அந்நியன். சில விளையாட்டுகள் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு நீண்ட அடையாள எண்ணைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவைக்கின்றன. அந்த எண் மாறினால் அது புதிய சாதனமாம், நான் ஒவ்வொன்றாக அமைத்த பொத்தான்கள் எல்லாம் காலி. பழைய கோப்பின் பெயரை மாற்றினால் திரும்பக் கிடைக்கும் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. துளை எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கிறேன், "தொடாதே" என்று பெரிய எழுத்தில். எனக்கு நானே எழுதிக்கொண்ட எச்சரிக்கை.

டிரிம் (ஸ்டிக்கை நாமே பிடித்துக்கொண்டிருக்காமல் ஒரு நிலையில் நிறுத்திவைக்கிற வசதி) பற்றிப் பேசாமல் இருக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. ஹெலிகாப்டரில் டிரிம் பொத்தானை அழுத்தினால் ஸ்டிக் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், அதுதான் அழகு. விசை இல்லாத ஸ்டிக் வைத்திருப்பவன் அழுத்திவிட்டு, ஸ்டிக்கை வேகமாக நடுவுக்குக் கொண்டுவந்து, விளையாட்டு அதைப் பொருட்படுத்தாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டும். அந்தத் தொல்லையே வேண்டாம் என்றுதானே இந்தச் சாதனம்? ஆனால் நேற்று முன்தினம் என் ஸ்டிக் நின்றது, அப்புறம் மெதுவாக, யாரோ கண்ணுக்குத் தெரியாமல் தள்ளுவது போல, எதிர்ப்பக்கமாக நகர ஆரம்பித்தது. டிரிம் தலைகீழாகப் போயிருக்கிறது. நான் இழுக்க, அது தள்ள, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மரத்தில் போய் முட்டினோம்.

சிமுலேட்டர் தயாரித்தவர்களுக்கு எழுதினேன். "உங்கள் சாதனத்தின் டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள்." அந்தச் சாதனத்துக்கு டிரைவரே கிடையாது, இயங்குதளமே அடையாளம் கண்டுகொள்ளும் என்று பதில் போட்டேன். "அப்படியானால் சாதனத்தைத் தயாரித்தவர்களை அணுகவும்." அவர்கள் அதை நிறுத்தி இரண்டு தலைமுறை விளையாட்டுகள் வந்து போய்விட்டன. யாரை அணுகுவது, எந்தக் கல்லறையில் போய்?

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இது இன்றைக்குக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. 1997இல், டைரக்ட்இன்புட்டை உள்ளடக்கிய மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸ் 5 வந்தபோதே விசைக்கான வழி போட்டாயிற்று. அதே வருடம் மைக்ரோசாஃப்ட் சைட்விண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் ப்ரோ என்ற ஜாய்ஸ்டிக் வந்தது, ஒலி அட்டையின் பதினைந்து ஊசித் துளையில் செருகுவது, இசைக் கருவிக்கான மிடி கம்பி வழியாகவே விசைக் கட்டளை போகும். எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! 1999இல் யூஎஸ்பியில் விசைச் சாதனங்கள் பேசுவதற்கென்று பொதுவான விதிமுறையும் எழுதிவிட்டார்கள். அதோடு ஊர் கூடித் தேர் இழுத்திருக்க வேண்டியது. 2002இல், அதிர்வு, விசைத் தொழில்நுட்பத்துக்குக் காப்புரிமை வைத்திருந்த இம்மர்ஷன் நிறுவனம் வழக்குப் போட்டது, சோனி மேலும் மைக்ரோசாஃப்ட் மேலும். மைக்ரோசாஃப்ட் 2003இல் 2.6 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது, சைட்விண்டர் ஜாய்ஸ்டிக் வரிசையும் அந்த வருடமே முடிவுக்கு வந்தது. வழக்குதான் காரணம் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், போர் விமான விளையாட்டு வாங்க ஆளே இல்லாமல் போனதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். எதுவானாலும் அனாதையானது நாங்கள்தான்.

அந்தப் பதினைந்து ஊசி ஸ்டிக்குகளை, சிறிய மைக்ரோகண்ட்ரோலர் பலகை ஒன்றை உள்ளே வைத்து யூஎஸ்பிக்கு மாற்றிக் காட்டியவர்கள் ஆர்வலர்கள்தான். நிரலை இலவசமாக வெளியிட்டார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள் ஒரு டிக் கட்டத்தைச் சரிசெய்ய முடியவில்லை, ராத்திரி சாலிடரிங் பிடித்தவர்கள் செத்தவனை எழுப்பினார்கள்.

இப்போது பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த புதிய ஸ்டிக்குகள் வருகின்றன. பலம் அபாரம், தோள் வலிக்கும் என்கிறார்கள். விலையைப் பார்த்தால் தோள் வலிக்கு முன்னாலேயே நெஞ்சு வலிக்கும். வாங்கினாலும் பேசப்போவது அதே மறதிக்கார விளையாட்டோடுதானே? பெட்டி திறந்தால் இதுவும் தொங்கத்தானே போகிறது, கொஞ்சம் விலை கூடிய ஈரத்துணியாக?

இன்று சாயங்காலம் எல்லா அறிவிப்புகளையும் அணைத்தேன், இணையத்தையே பிடுங்கிவிட்டேன். புது டேப், புது ரப்பர் வளையம். ஆறாயிரம் மீட்டர், சூரியன் முதுகுக்குப் பின்னால். இழுத்துத் திருப்பும்போது அந்த நடுக்கம் வந்தது, உள்ளங்கையில் பூச்சி ஊர்வதுபோல, ஸ்டாலின் விளிம்பு அப்படியே தெரிந்தது. எதிரியை விட ஒரு சாண் உள்ளே திருப்பினேன், விட்டேன் ஒரு சரம். அவன் புகைந்தான். நானும்தான். முதலில் விளையாட்டுக்குள் என்று நினைத்தேன். வாசனை வந்த பிறகுதான் கீழே குனிந்து பார்த்தேன்.

பக்கவாட்டு மோட்டார் போய்விட்டது. யார் வீட்டுப் பரணிலாவது வேலை செய்யாத பழைய ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டிக் கிடந்தால், குப்பையில் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை எழுதுங்கள். பிடி உடைந்திருந்தாலும் பரவாயில்லை, மோட்டார் சுற்றினால் போதும்.