முதல் நாளே துணி வேண்டாம்

திருப்பூர் பனியன் கம்பெனியில் தையலுக்குப் புதிதாகச் சேருபவர்களிடம் முதல் நாளே துணியைக் கொடுக்கலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிவராது. பவர் டேபிளில், அதாவது மோட்டாரில் ஓடும் தையல் மெஷினில், நூல் கோக்காமல், கோடு போட்ட தாளை ஓட்டச் சொல்லுங்கள்: நேர்கோடு, வளைவு, பிறகு மூலை. மூலையில் ஊசி தாளுக்குள் இறங்கியிருக்கும்போதுதான் மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைத் தூக்கித் தாளைத் திருப்ப வேண்டும். கோட்டை விட்டு ஓட்டை விலகினால் தப்பு அங்கேயே தெரியும். தாள் குத்திய ஊசி மழுங்கிவிடும். துணிக்குப் போகுமுன் உருண்டை முனை ஊசி மாற்றுங்கள், கூர்முனை பனியன் இழையை அறுத்துவிடும்.

அடிக்கடி நடக்கும் தப்பு, துணியைப் பின்னாலிருந்து இழுப்பது. ஊசி வளைந்து தையல் விட்டுப்போகும். பழி என்னவோ மெஷின் மேல்தான். சொல்லித்தருபவர் எதிரே நிற்கக் கூடாது, வலது இடதாகத் தெரியும். அப்புறம், "புரிஞ்சுதாக்கா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். செய்துகாட்டச் சொல்லுங்கள்.