எத்தனை படி என்று கேட்காதீர்கள், யார் என்று கேளுங்கள்

வெப் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் கோட் ரிவ்யூவில் ‘பேரன்ட்நோட்.பேரன்ட்நோட்.பேரன்ட்நோட்’ என்று, ஒரு எலிமென்ட்டிலிருந்து அதைச் சுற்றியிருக்கும் எலிமென்ட்டுக்கு மூன்று படி ஏறும் வரியைப் பார்த்தாலே எனக்குக் கை பரபரக்கும். அதைவிட எரிச்சல், அதே வரியை ‘மேலே போ’ என்கிற மாதிரி ஒரு ஹெல்பர் (உதவி) ஃபங்ஷனுக்குள் ஒளித்துவைத்து, ஏற வேண்டிய படி 3 என்று அனுப்புவது. கோட் சுத்தமாகிவிட்டதாம்! நாளைக்கே டிசைனர் கேட்டார் என்று கார்டை மறைக்கும் பட்டனைச் சுற்றி இன்னொரு டிவ், அதாவது ஒரு பெட்டி, போடுவார்கள். 3 என்பது 4 ஆக வேண்டும், யாரும் மாற்ற மாட்டார்கள். எர்ரரும் வராது. மறைய வேண்டிய கார்டு அப்படியே நிற்கும், அதற்குள் இருக்கிற ஏதோ ஒரு பெட்டி மறைந்துபோகும்.

பக்கத்தின் எலிமென்ட்களை ஒன்றுக்குள் ஒன்றாக பிரவுசர் வைத்திருக்கும் அமைப்புதான் டாம் (DOM) மரம். அதில் ஏறி இறங்க ஹெல்பர் எழுதுகிறவர் எண்ணிக்கையைக் கேட்கவே கூடாது என்பது என் கட்சி. “இடது பக்கம் மூணாவது வீடு” என்று வழி சொன்னால், நடுவில் புதிதாக ஒரு வீடு எழும்பிய அன்றைக்குத் தப்பான கதவைத்தான் தட்டுவோம். “வாசலில் வேப்பமரம் நிற்கிற வீடு” என்றால் அந்தத் தொல்லை இல்லை.

இந்த ஹெல்பர்கள் பிறந்ததில் தப்பே இல்லை. 1998-ல் வந்த முதல் டாம் வரையறையிலேயே பேரன்ட்நோட் (பெற்றோர்), ஃபர்ஸ்ட்சைல்ட் (முதல் பிள்ளை), நெக்ஸ்ட்சிப்ளிங் (அடுத்த உடன்பிறப்பு) எல்லாம் உண்டு. ஆனால் இரண்டு டேக்குகளுக்கு நடுவே நாம் தட்டும் என்டர்கூட அங்கே ஒரு டெக்ஸ்ட் நோட், மரத்தின் ஒரு கணு. பட்டியலில் அடுத்த எல்ஐ (li உருப்படி) எங்கே என்று கேட்டால் வெற்று இடைவெளியை எடுத்து நீட்டும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரோ, 8-ஆம் பதிப்பு வரை, அந்த வெற்று நோடுகளைச் சேர்க்கவே சேர்க்காது, ஃபயர்ஃபாக்ஸ் சேர்க்கும். ஒரே கோட், ஆளுக்கொரு விடை. அதனால் நோட்டைப் (nodeType) 1, அதாவது எலிமென்ட், ஆகிறவரை சுற்றும் ஒரு வைல் லூப்பை அந்தக் காலத்தில் பலரும் கையோடு வைத்திருந்தார்கள். 2006-ல் வந்த ஜேக்வெரி (jQuery) என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி இந்தத் தலைவலியை எடுத்துக்கொண்டது. 2009 ஜனவரியில், 1.3 பதிப்பில், அது க்ளோசெஸ்ட் (closest) என்ற ஃபங்ஷனைத் தந்தது. என்னைக் கேட்டால் ஜேக்வெரி செய்த மிக நல்ல காரியம் அதுதான்.

ஏனென்றால் அது படியை எண்ணுவதில்லை. தன்னிலிருந்தே தொடங்கி, கொடுத்த செலக்டருக்கு, அதாவது எலிமென்ட்டின் அடையாளக் குறிப்புக்கு, பொருந்தும் முதல் ஆள் கிடைக்கிறவரை மேலே போகும். அந்தத் ‘தன்னிலிருந்தே’ முக்கியம். பட்டனுக்குள் ஒரு எஸ்விஜி ஐகான் இருக்கிறது. யூசர் அதன் மேலேயே கிளிக் செய்கிறார். ஈவென்ட் டார்கெட், அதாவது கிளிக் விழுந்த எலிமென்ட், பட்டன் இல்லை, ஐகானை வரையும் உள்ளே இருக்கும் பாத் (path). பட்டனின் ஓரத்தில் கிளிக் செய்தால் டார்கெட் பட்டனேதான். இரண்டுக்கும் ஒரே க்ளோசெஸ்ட் போதும். படியை எண்ணுகிற ஹெல்பர் இங்கே என்ன செய்யும்?

2015 முதல் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இது பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. அடுத்த எலிமென்ட்டைத் தாவிப் பிடிக்க நெக்ஸ்ட்எலிமென்ட்சிப்ளிங் அதற்கும் முன்பிருந்தே உண்டு. எக்ஸ்ப்ளோரருக்கு மட்டும் க்ளோசெஸ்ட் கடைசிவரை வரவில்லை. அதன் 11-ஆம் பதிப்பும் 2022 ஜூனில் ஓய்வு பெற்றாயிற்று. அப்புறமும் பொது ஹெல்பர்களைப் போட்டுவைக்கும் யுடில்ஸ் ஃபைலில் அந்த வைல் லூப் எதற்கு? “யாரோ எழுதினாங்க, ஓடிட்டிருக்கு, தொட வேண்டாம்” என்பதுதான் நான் வழக்கமாகக் கேட்கும் பதில்.

சரி, ஹெல்பரே வேண்டாமா? வேண்டும், பிரவுசர் செய்யாத வேலைக்கு. வெப் காம்பொனென்ட் என்ற தனித் துண்டுக்குள் தனியாக ஒரு மரம் இருக்கலாம்; க்ளோசெஸ்ட் அதன் உச்சியான ஷேடோ ரூட்டைத் தாண்டாது. அதற்குள்ளிருந்து வெளியே தேட, அதைத் தாங்கும் எலிமென்ட்டான ஹோஸ்ட்டுக்குத் தாவி மறுபடி தேடும் சின்ன ஃபங்ஷனை நாமேதான் எழுத வேண்டும். உடன்பிறப்புகள் எல்லாவற்றையும் ஒன்றாக எடுக்கவும் நேரடியாக ஒன்றும் கிடையாது.

இன்னொரு ஹெல்பரை நான் எல்லா ப்ராஜெக்ட்டிலும் வைப்பேன். க்ளோசெஸ்ட் எதுவும் கிடைக்காவிட்டால் ‘ஒன்றுமில்லை’ என்ற பொருளில் நல் (null) தரும். உடனே ஒரு கேள்விக்குறியும் புள்ளியும் போட்டு அதை விழுங்கிவிடுவது இப்போது ஃபேஷன். கிளிக் செய்தால் ஒன்றும் நடக்காது, கன்சோலும் காலி. பிழையைத் தேடுகிறவருக்குத்தான் நரகம். கட்டாயம் இருக்க வேண்டிய முன்னோர் இல்லையென்றால், எந்த செலக்டர், எந்த எலிமென்ட்டிலிருந்து தேடியது என்று சொல்லி எர்ரர் எறியும் நாலு வரி ஃபங்ஷன் போதும். அதற்கும் கிளாஸ் பெயரைக் கொடுக்காதீர்கள், டிசைன் மாறினால் அதுவும் மாறும். எலிமென்ட்டில் நாமே data- என்று தொடங்கி எழுதிவைக்கும் டேட்டா ஆட்ரிபியூட்டைக் கொடுங்கள்.